மழைத்துளியில் யார் வயல் புகை?

மழைநீரில் கரைந்து வரும் அங்ககக் கரிமம் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்த முறை பக்கங்களை நிறைத்துவிட்டன.

குடும்பத் தலைவி, கும்பகோணம்
கேள்வி: மழைத் தண்ணிதான் உலகத்திலேயே சுத்தமான தண்ணி என்பார் என் மாமியார். அண்டாவில் பிடித்துவைத்து அதில்தான் பருப்பு வேகவைப்பார். அதில் கரிமம் கலந்திருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் அவர் சொல்வதும் சரி என்று சொல்லுங்கள். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் மழைநீரில் மிகக் குறைவு. பருப்பு குழைய வேகிறது, சோப்பு நுரைக்கிறது என்றால் காரணம் அதுதான். ஆனால் எதுவுமே கலக்காத மழை எங்கும் பெய்ததில்லை, பெய்யவும் முடியாது. காற்றிலுள்ள ஆவி தானாகத் துளியாகிவிடாது. பற்றிக்கொள்ள அதற்கு ஒரு துகள் வேண்டும். அது கடல் உப்பாக இருக்கலாம், மண் தூசியாக இருக்கலாம், எங்கோ எரிந்த வைக்கோலின் புகையாகவும் இருக்கலாம். அப்படிப் பிறந்த மேகத்துளிகள் சுமார் 10 லட்சம் கூடினால்தான் ஒரு மழைத்துளி. அத்தனையும் தத்தம் துகளைக் கரைத்துக்கொண்டே வருகின்றன. இறங்கும் வழியில் காற்றில் மிதப்பதையும் துளி வாரிக்கொள்கிறது.

பிளஸ் டூ மாணவர், திண்டுக்கல்
கேள்வி: கரிமம் என்றால் கரிதானே? பிறகு மழை ஏன் கறுப்பாக இல்லை?

பதில்: சர்க்கரையிலும் கரிமம் இருக்கிறது. அது வெள்ளை!
மழையில் வரும் கரிமத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவது ஒன்று. இது அங்ககக் கணக்கில் சேராது. கரையாத கரித்துகள் இரண்டாவது. இதுதான் கறுப்பு, வடிதாளில் நின்றுவிடும். மூன்றாவதுதான் நம் பேச்சு: உயிருள்ளவற்றிலிருந்தோ, அவற்றையும் எண்ணெய், நிலக்கரி போன்றவற்றையும் எரிப்பதாலோ வந்து நீரில் கரைந்து நிற்கும் அமிலங்கள், ஆல்டிஹைடுகள், சர்க்கரை போன்ற சேர்மங்கள். பெரும்பாலும் நிறமற்றவை. வைக்கோலும் விறகும் எரிந்த புகையிலிருந்து வந்தவை மட்டும் லேசான பழுப்பு காட்டும். அதை ஆய்வாளர்கள் பழுப்புக் கரிமம் என்றே அழைக்கிறார்கள்.

விவசாயி, நீடாமங்கலம்
கேள்வி: ஒரு மழை பெய்தால் பயிர் மறுநாளே பச்சை கட்டுகிறது. போர் தண்ணி எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த நிறம் வருவதில்லை. இந்தக் கரிமம்தான் காரணமா? அப்படியானால் தொழுவுரத்தைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒரு கூடைகூடக் குறைக்காதீர்கள். பச்சை கட்டுவதற்குக் காரணம் மழையோடு வரும் நைட்ரேட்டும் அம்மோனியமும். கூடவே வேரடியில் தேங்கிய உப்பை மழை கீழே இறக்கிவிடுவதும், இலைமேல் படிந்த தூசியைக் கழுவிவிடுவதும்.

கரிமக் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். நிலப்பகுதியில் பெய்யும் மழையில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் கரைந்த அங்ககக் கரிமம் இருக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் ஜோன் வில்லியும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் வெளியிட்ட உலகத் தொகுப்பு சொல்லும் சராசரி இது. நடுக்கடல் மழையில் இதில் ஏழில் ஒரு பங்குதான். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் பெய்தால் 40 லட்சம் லிட்டர். பெருக்கினால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 8 கிலோ கரிமம்.

அதே ஏக்கரில் ஒரு போகத்துக்கு 2 டன் வைக்கோல் வந்தது என்று வையுங்கள். காய்ந்த வைக்கோலின் எடையில் ஏறக்குறைய 40 சதம் கரிமம். அதாவது 800 கிலோ. வருடம் முழுக்க வானம் பெய்து கொடுப்பதைப்போல் நூறு மடங்கு உங்கள் களத்திலேயே கிடக்கிறது. மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதம் என்று போட்டிருந்தால், மேல்மண் 15 சென்டிமீட்டருக்குள் மட்டும் ஏக்கருக்கு 4 டன்னுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். அதன் முன் 8 கிலோ எம்மாத்திரம்? அந்த 8 கிலோவிலும் கணிசமான பகுதி, மண் நுண்ணுயிர்கள் உடனே தின்று தீர்க்கும் எளிய அமிலங்கள். சில நாட்களில் கரியமில வாயுவாகக் கிளம்பிவிடும்.

வேளாண் கல்லூரி மாணவி, கிள்ளிகுளம்
கேள்வி: மழை எவ்வளவு சத்து தருகிறது என்று முதலில் அளந்து பார்த்தவர்கள் யார்?

பதில்: மேலே நீடாமங்கலத்துக்காரர் கேட்ட அதே கேள்வியை வைத்துக்கொண்டு 19-ம் நூற்றாண்டில் பெரிய வழக்கே நடந்தது. பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை மழையில் கரைந்து வரும் அம்மோனியாவே கொடுத்துவிடும் என்றார் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட் பண்ணையில் லாஸ், கில்பர்ட் என்ற இருவர் அதை நம்பவில்லை. வாய்ப்பேச்சில் காலம் கழிக்காமல் 1853-ல் ஒரு மழைமானியைக் கட்டினார்கள். கைப்பிடி அளவுள்ள குடுவை இல்லை அது. பரப்பு ஓர் ஏக்கரில் சரியாக ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு கட்டிலைவிடப் பெரியது. விழுந்த மழையைப் பிடித்து, சோதித்து, ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு கையில். மழை கொடுப்பது பயிருக்குப் போதவே போதாது என்று தெரிந்தது. வயலுக்கு நடுவே மழையை வேதிப்பொருளாகப் பார்க்கும் வழக்கம் வலுப்பட்டது அங்கேதான். 1872-ல் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் காற்றையும் மழையையும் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அமில மழை என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்
கேள்வி: ஏக்கருக்கு 8 கிலோதானே! இதை இவ்வளவு மெனக்கெட்டு அளப்பானேன்?

பதில்: ஏக்கருக்கு 8 கிலோ, உலகுக்கு ஆண்டுக்கு 43 கோடி டன். அதில் சுமார் 9 கோடி டன் கடலில் விழுகிறது. ஆறுகள் எல்லாம் சேர்ந்து நடுக்கடலுக்குக் கொண்டுசேர்க்கும் கரைந்த அங்ககக் கரிமத்துக்கு இது ஏறக்குறைய ஈடு. அதைவிட முக்கியம், நாம் மூச்சில் இழுத்த காற்றில் என்ன இருந்தது என்று மழை எழுத்தில் தருகிறது.

நூலகர், நாகர்கோவில்
கேள்வி: இந்தக் கரிமம் மேலே எப்படிப் போகிறது? புகைபோக்கி புகை விடும். மரமா புகை விடும்?

பதில்: மரமும் விடுகிறது, கண்ணுக்குத் தெரியாமல். இலைகள் ஐசோப்ரீன் என்ற ஆவியை வெயில் நேரத்தில் வெளியிடுகின்றன. உலகத் தாவரங்கள் ஆண்டுக்கு வெளியிடும் ஐசோப்ரீனில் இருக்கும் கரிமம் மட்டும் சுமார் 50 கோடி டன். மலைக்காடுகளின் மேல் நீல மூட்டமாக நிற்பது மரங்களின் ஆவியிலிருந்து உண்டான நுண்துகள்தான் என்று ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் 1960-ல் எழுதினார்.

ஐசோப்ரீன் காற்றில் சில மணி நேரம்தான் தாங்கும். வெயிலில் உடைந்து நீரில் கரையும் சிறு சேர்மங்களாகி மேகத்துளிக்குள் புகுந்துவிடும். அங்கே நடப்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. மேகத்துளிக்குள் வேதிவினை ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படிப் புகுந்தவற்றில் கிளையாக்சல் போன்றவை அந்த ஈரத்திலேயே ஆக்சாலிக் அமிலமாகின்றன. சேனைக்கிழங்கில் நாக்கை அரிக்கும் ஊசிப் படிகங்களும் இதே அமிலத்தின் சுண்ணாம்பு உப்புதான். இலையிலிருந்து ஆவியாகக் கிளம்பியது அமிலமாகத் தரைக்குத் திரும்புகிறது.

இது காட்டுக் கதை. விளைநிலத்தின் மேல் கதை வேறு. நெல்லும் கோதுமையும் ஐசோப்ரீன் அதிகம் விடுவதில்லை. வளரும் இலையிலிருந்தும் அறுத்த தாளிலிருந்தும் மெத்தனாலும், பச்சைப்புல் வாசனைக்குரிய ஆவிகளும் எழும். உழும்போது கிளம்பும் தூசியில் மண்ணின் மட்கு இருக்கிறது. மகரந்தம், பூஞ்சை வித்துகள், பாக்டீரியா எல்லாம் காற்றேறும். மாட்டுக்கொட்டிலின் சாணம் நொதித்து அசிட்டிக் அமிலமும் அதன் உறவுக்கார அமிலங்களும் கிளம்பும். இவற்றோடு சாலை வண்டிகள், செங்கல் சூளை, கரையோரமானால் கடல் நுரையில் தெறிக்கும் அங்ககப் பொருள்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அறுவடைக் காலத்தில் நெருப்பு. அந்த ஒன்று மூண்டால் மற்றவற்றின் பங்கு பின்னுக்குப் போய்விடும்.

தோட்டக்காரர், புதுக்கோட்டை
கேள்வி: தைல மரம் இந்த ஆவியை அதிகம் விடுமாமே. வெட்டிவிடலாமா?

பதில்: அதிகம் விடும் என்பது உண்மை. அதற்காக வெட்ட வேண்டாம். தைல மரத்தைப் பற்றி வேறு வழக்குகள் இருந்தால் அவை தனி. இந்த ஆவி தனியே இருந்தால் பெரிய கெடுதி செய்வதில்லை. வண்டிப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேரும்போதுதான் தரைமட்ட ஓசோன் பெருகுகிறது. அதுதான் பயிரையும் நுரையீரலையும் பாதிக்கிறது.

கரும்பு விவசாயி, நெல்லிக்குப்பம்
கேள்வி: வெட்டு முடிந்ததும் சோகையைக் கொளுத்தாமல் கட்டைக்கு எப்படித் தண்ணி கட்டுவது? ஆள் கிடைப்பதில்லை, பாம்பு வேறு. நான் ஒருவன் கொளுத்துவதாலா மழை கெட்டுவிடப் போகிறது?

பதில்: உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. கரும்புக் காட்டில் இறங்கி வெட்டியவர்களுக்குச் சோகையின் விளிம்பு தோலை எப்படிக் கிழிக்கும் என்று தெரியும். ஆனால் ‘நான் ஒருவன்’ என்று சொல்பவர்கள் எல்லாரும் ஒரே மாதத்தில் கொளுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நிஜமான இடம் ஒன்று இருக்கிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலம், உலகின் மிகப்பெரிய கரும்புக் காடுகளில் ஒன்று. அங்கே வெட்டிய பின் அல்ல, வெட்டுவதற்கு முன்பே நிற்கும் கரும்புக்குத் தீ வைத்துவந்தார்கள். சோகை எரிந்துபோகும், பாம்பு ஓடிவிடும், கைவெட்டு சுலபம். மாலையில் மூட்டிய தீயில் கருகிய சோகை நீள நீளமான கறுப்புத் துணுக்குகளாகப் பறந்து ஊருக்குள் கொடியில் காயும் துணிமேல் வந்து விழும். கண்ணுக்குத் தெரிந்தது அது. தெரியாததை ரிபெய்ரோ பிரெட்டோ, அரரகுவாரா ஊர்களில் மழைநீரைச் சேர்த்துப் பரிசோதித்தவர்கள் கண்டார்கள்: கரும்பு வெட்டும் மாதங்களில் பெய்த மழையில் கரைந்த அங்ககக் கரிமம் மற்ற மாதங்களைவிடக் கூடுதல்.

அந்த மாநிலம் 2002-ல் சட்டம் போட்டது. இயந்திரம் ஓடக்கூடிய சமதளங்களில் 2021-க்குள்ளும், மற்ற இடங்களில் 2031-க்குள்ளும் எரிப்பை நிறுத்த வேண்டும் என்றது சட்டம். 2007-ல் அரசும் ஆலைகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அந்தக் கெடு 2014-க்கும் 2017-க்கும் முன்னே இழுக்கப்பட்டது. பச்சைக் கரும்பையே வெட்டும் இயந்திரங்கள் வந்தன. அதோடு வெட்டுத் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை இழந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புகை நின்றதை மட்டும் எழுதி அவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது.

உங்களுக்கு: ஏக்கருக்கு 3, 4 டன் சோகை இருக்கும். ஒரு சால் விட்டு ஒரு சாலில் பரப்பி மூடாக்குப் போடுங்கள். காலியாக விட்ட சாலில் தண்ணீர் கட்டுங்கள். களை அடங்கும், ஈரம் நிற்கும், தண்ணீர் முறையும் குறையும். ஆள் பிரச்சினைக்கு, டிராக்டரில் மாட்டும் சோகை தூளாக்கும் கருவி இருக்கிறது. வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பத்து பேர் சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும்.

பொறியியல் மாணவர், கோவை
கேள்வி: மழையில் வந்த கரிமம் மரத்திலிருந்தா, லாரியிலிருந்தா, எரிந்த வயலிலிருந்தா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? துளியில் முகவரியா எழுதியிருக்கிறது?

பதில்: எழுதியிருக்கிறது, மூன்று கையெழுத்தில்.
ஒன்று, லெவோகுளுக்கோசான் என்ற சர்க்கரை வகைச் சேர்மம். செல்லுலோஸ் தீயில் சிதையும்போது உண்டாவது. டீசல் எரிந்தால் இது வராது. மழையில் இது இருந்தால் எங்கோ விறகோ வைக்கோலோ சோகையோ எரிந்திருக்கிறது. கூடவே பொட்டாசியமும் உயர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் குறையும்.
இரண்டு, கார்பன்-14. உயிருள்ளவற்றில் இது இருக்கும். 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். பல கோடி ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த பெட்ரோலியத்திலும் நிலக்கரியிலும் சுத்தமாகத் தீர்ந்துபோயிருக்கும். மழைக் கரிமத்தில் கார்பன்-14 எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு டீசல், நிலக்கரிப் பங்கு.
மூன்றாவது, விளைநிலக்காரர்களுக்கென்றே அமைந்த கையெழுத்து: கார்பன்-13. நெல்லும் கோதுமையும் பெரும்பாலான மரங்களும் ஒரு வழியில் கரியமில வாயுவைப் பிடிக்கின்றன. கரும்பு, மக்காச்சோளம், சோளம் வேறொரு வழியில். அதனால் கார்பன்-13 அளவு, ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் தரத்தைவிட நெல்லில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 27 பங்கு குறைவு; கரும்பில் 12, 13 பங்குதான் குறைவு. எரிந்த பிறகும் இந்த வேறுபாடு பெருமளவு அப்படியே தங்கும். புகையைச் சோதித்து, எரிந்தது வைக்கோலா சோகையா என்று சொல்லிவிடலாம். சாவ் பாவ்லோவில் காற்றில் மிதந்த துகள்களில் கரும்பின் பங்கைப் பிரித்துக் காட்ட இதே உத்தியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.
இன்ன பயிர் எரிந்தது என்று சொல்லலாம், இன்னார் வயல் என்று சொல்ல முடியாது. அதற்குக் காற்று வந்த திசையையும் செயற்கைக்கோள் காட்டும் தீப்புள்ளிகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

வங்கி ஊழியர், சென்னை
கேள்வி: பஞ்சாபில் வைக்கோல் எரித்தால் டில்லி திணறுகிறது என்று செய்தியில் பார்க்கிறோம். அந்தப் புகை நம் மழையிலும் வருமா?

பதில்: வர வழி இருக்கிறது. குளிர்காலத்தில் காற்று கங்கைச் சமவெளியிலிருந்து வங்கக் கடலுக்கு இறங்கி, வடகிழக்குக் காற்றாகத் திரும்பி நம் கரைக்கு வருகிறது. 1999-ல் இந்தியப் பெருங்கடலில் நடந்த இன்டோயெக்ஸ் ஆய்வு, துணைக்கண்டத்தின் புகைமூட்டம் கடல்மேல் வெகுதூரம் பரவி நிற்பதைக் காட்டியது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். ஆனால் கடல்மேல் வரும் வழியிலேயே புகையின் பெரும்பகுதி கலைந்தும் கழுவப்பட்டும் போகும். நம் மழையில் நம் ஊர்ப் புகைதான் முதல் விருந்தாளி.

பஞ்சாப் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் அங்கே சட்டம் வந்தது. வெயில் உச்சத்தில் நடவு கூடாது என்று நடவைத் தள்ளிப்போட்டது. நோக்கம் நல்லது. ஆனால் நடவு தள்ளியதால் அறுவடையும் தள்ளி, கோதுமை விதைப்புக்கு இடைவெளி சுருங்கி, எரிப்பு அக்டோபர் கடைசி, நவம்பருக்குப் போய்விட்டது. அப்போது அங்கே காற்றும் அசையாது, மழையும் பெய்யாது. கழுவ மழை இல்லாததால் புகை மூடுபனியில் கரைந்து நிற்கிறது. கங்கைச் சமவெளியின் மூடுபனி நீரில் அங்ககப் பொருள் மிகுந்திருப்பதைக் கான்பூரில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எரிப்பவரை வில்லனாக்கித் தலைப்பு எழுதுபவர்கள், அந்த விவசாயிக்கு அடுத்த விதைப்புக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம்.

தேநீர்க் கடைக்காரர், மன்னார்குடி
கேள்வி: புகைத் துகள்தான் மேகத்துக்கு விதை என்றால், நிறைய எரித்தால் நிறைய மழை வருமே?

பதில்: நல்ல மடக்கு. விடை நேர் எதிர். இருக்கும் ஈரம் அதே அளவுதான்; விதை மட்டும் பெருகினால் ஒவ்வொரு துளிக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கும். பொடித்துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்வது கடினம். மழையாக விழும் கனம் வராது. அமேசான் காட்டுத் தீயின் புகைக்குள் விமானத்தில் போய் மேகங்களை அளந்தவர்கள் 2004-ல் இதையே எழுதினார்கள். எரிப்பது மழையைத் தாமதப்படுத்தலாம், அழைத்துவராது.

இயற்கை விவசாயி, சத்தியமங்கலம்
கேள்வி: மழையில் அமிலம் இருக்கிறது என்கிறீர்களே, பயிர் கருகாதா?

பதில்: கருகாது. காற்றின் கரியமில வாயு மட்டும் கரைந்தாலே மழையின் பி.எச். 5.6-க்கு இறங்கிவிடும். அதற்குமேல் ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்கள். முதலாவது எறும்பு கடித்தால் சுரீரென்பது, இரண்டாவது வினிகரில் இருப்பது. மழையிலோ லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குக்கும் கீழே. ஆலைகள் இல்லாத வடக்கு ஆஸ்திரேலியாவின் காதரின் ஊரில் 1980-களில் மழையைச் சோதித்தபோது, அதன் அமிலத்தன்மையில் பெரும்பங்கு இந்த இரண்டாலேயே வந்தது தெரிந்தது. நம் நாட்டின் பல பகுதிகளில் காற்றில் பறக்கும் சுண்ணாம்புத் தூசி அமிலத்தைச் சமன்செய்துவிடுகிறது.

இல்லத்தரசி, சிவகங்கை
கேள்வி: மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் பிடிக்கிறோம். முதல் மழையை விட்டுவிடச் சொல்கிறார்களே, எவ்வளவு நேரம்?

பதில்: முதல் 10, 15 நிமிடம். வீடு துடைக்கும் ஈரத்துணி முதல் இழுப்பிலேயே அழுக்காகிவிடுவதுபோல, காற்றிலும் மாடியிலும் இருப்பதை முதல் துளிகளே வாரிவிடுகின்றன. அங்ககக் கரிமமும் தொடக்கத்தில்தான் அதிகம். மழை வலுக்க வலுக்க நீர்த்துப்போகும். சின்னத் தூறல் என்றால் முழுவதையும் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பல வீடுகளில் குழாய் போட்டார்கள். முதல் மழையைத் திருப்பிவிடும் வால்வு வைக்க மறந்தார்கள். அந்த வால்வு இல்லையென்றால் இந்தக் கோடையிலேயே வைத்துவிடுங்கள். குடிக்க என்றால் வடிகட்டி, கொதிக்கவைத்து.

கல்லூரி மாணவி, திருச்சி
கேள்வி: மண்வாசனையும் மழையில் வரும் அங்ககக் கரிமம்தானா?

பதில்: அங்ககக் கரிமம்தான். ஆனால் திசை தலைகீழ்: அது கீழிருந்து மேலே போவது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் அதன் முக்கியப் பொருள். துளி மண்ணில் விழும்போது அடியில் காற்றுக் குமிழ் சிக்கி, மேலே எழும்பி வெடித்து, நுண்துளிகளைத் தெறிக்கவிடுகிறது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2015-ல் அதிவேகக் கேமராவில் இதைப் பிடித்துக் காட்டினார்கள். லேசான, மிதமான மழையில்தான் இது அதிகம். நிலம் வானத்துக்கு அனுப்பும் கரிமத்தில் இதுவும் சேர்த்தி.

சித்த மருத்துவர், பாளையங்கோட்டை
கேள்வி: கொண்டைக்கடலைச் செடிமேல் இரவில் துணி விரித்து, விடியலில் பிழிந்தெடுக்கும் கடலைப் புளிப்பை மருந்தில் சேர்ப்போம். அந்தப் புளிப்பும் வானத்திலிருந்து வந்ததா?

பதில்: இல்லை ஐயா, அது செடியின் சொந்தச் சரக்கு. கடலை இலையின் பொடி மயிர்கள் மாலிக், ஆக்சாலிக் அமிலங்களைச் சுரக்கின்றன. பனி அதைக் கரைத்துத் துணியில் ஏற்றுகிறது. உங்கள் துணி ஆய்வாளர்களுக்கும் ஒரு பாடம். மரத்தடியில் பாத்திரம் வைத்தால் இலையில் வடிந்த நீர் விழும். அதில் கரிமம் நேரடி மழையைவிடப் பல மடங்கு. அதனால்தான் வேப்பமரத்தடி வாளியில் சேரும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கிறது. வானத்தின் கணக்கு வேண்டுமென்றால் திறந்த வெளியில்தான் பிடிக்க வேண்டும்.

தாய், ஈரோடு
கேள்வி: பூச்சிமருந்தும் மழையில் வருமா?

பதில்: வரும். அமெரிக்காவின் மிசிசிப்பி, அயோவா விளைநிலப் பகுதிகளில் பயிர்க்காலத்தில் சேகரித்த காற்று, மழை மாதிரிகளில் 60 முதல் 100 சதம் வரையானவற்றில் கிளைபோசேட் களைக்கொல்லி இருந்தது. மொத்த அங்ககக் கரிமத்தில் இதன் எடை மிக மிகச் சிறிது. லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவு. ஆனால் இங்கே எடையை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. பக்கத்து வயலில் மருந்து அடித்த அன்று பெய்யும் முதல் மழையைத் தொட்டியில் சேர்க்காதீர்கள். குழந்தைகளையும் அதில் நனையவிடாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், அரியலூர்
கேள்வி: இதை வீட்டிலேயே அளக்க முடியுமா சார்?

பதில்: கரிமத்தின் அளவைச் சொல்ல ஆய்வகம் வேண்டும் தம்பி. அங்கே நீரை அமிலமாக்கி, கரைந்த கரியமில வாயுவைக் குமிழ்விட்டு வெளியேற்றிவிட்டு, மிச்சத்தைச் சுமார் 680 டிகிரி சூட்டில் எரிப்பார்கள். வரும் கரியமில வாயுவை அளந்தால் அங்ககக் கரிமம் எவ்வளவு என்று தெரியும். பிடிக்கும் கண்ணாடிக் குடுவையையே முன்கூட்டி 450 டிகிரிக்கு மேல் சுட்டெடுப்பார்கள். விரல் ரேகையின் எண்ணெய்கூடக் கணக்கைக் கெடுத்துவிடும். பிளாஸ்டிக்கிலிருந்தும் கரிமம் கசியும். பிடித்த மழையை உடனே குளிரில் வைக்காவிட்டால் பாக்டீரியா ஃபார்மிக் அமிலத்தைத் தின்று தீர்த்துவிடும்.
நீ செய்யக்கூடியது: இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் முதல் 10 நிமிட மழை, இன்னொன்றில் அரை மணி கழித்துப் பெய்வது. வெள்ளை வடிதாளில் தனித்தனியே வடித்துக் காயவை. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, அந்த வாரம் எங்கே எரிந்தது என்று தாளின் ஓரத்திலேயே எழுது. ஒரு பருவம் முழுக்கச் செய்து பள்ளிச் சுவரில் வரிசையாக ஒட்டு. தாள்களின் நிறம் எப்போது மாறியது என்று எனக்கும் எழுது, ஆவலாக இருக்கிறேன்.

விவசாயி, திருத்துறைப்பூண்டி
கேள்வி: சம்பா அறுவடை இயந்திரத்தில்தான். தாள் முழங்கால் உயரம் நிற்கிறது, வைக்கோல் வரிசையாகக் கிடக்கிறது. கொளுத்தாமல் என்ன செய்வது, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே உளுந்தையோ பயறையோ நிற்கும் நெல்லுக்குள் விதைத்துவிடுங்கள். தாள் அப்படியே நிற்கட்டும். அதன் நிழலிலும் மிஞ்சிய ஈரத்திலும் பயறு எழும்பிவிடும். அறுவடை முடிந்ததும் வரிசையில் கிடக்கும் வைக்கோலை மட்டும் அகற்றிவிட வேண்டும். மூடிக்கிடந்தால் முளை வெளுத்துப்போகும். வைக்கோல் கட்டும் இயந்திரக்காரரிடம் அறுவடைத் தேதியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அறுத்த பிறகு கூப்பிட்டால் வரிசையில் கடைசி வயல் உங்களுடையதாகிவிடும்.